தரைக்குள்ள ஓடுற வெந்நீர்

ஜெர்மனில புதுசா வீடு கட்டுனா இப்போ பெரும்பாலும் சுவர்ல ரேடியேட்டர் கிடையாது, தரைக்கு அடியிலதான் ஹீட்டிங். முதல்ல இன்சுலேஷன் போர்டு, அதுமேல பாம்பு சுருண்ட மாதிரி பிளாஸ்டிக் பைப், அதை மூடி எஸ்ட்ரிச்னு சொல்ற கெட்டியான பூச்சு. பைப்பை பிரஷர் டெஸ்ட் பண்ணாம மேல ஊத்தவே விடாதீங்க, அப்புறம் லீக் ஆச்சுன்னா தரையை உடைக்கிறதுதான் வழி. சுவரோரமா நுரைப்பட்டை ஒட்டுவாங்க, சூட்டுல விரியிற தரைக்கு இடம் வேணும்ல.

எங்க வீட்ல எல்லாரையும் கடுப்பேத்துனது காத்திருப்புதான். சிமென்ட் எஸ்ட்ரிச்னா 21 நாள் சும்மா கெடக்கணும், ஜிப்சம் மாதிரியான கால்சியம் சல்பேட் எஸ்ட்ரிச்னா 7 நாள், அதுக்கப்புறம்தான் 25 டிகிரி தண்ணிய விட்டு 3 நாள், அப்புறம் டிசைன் பண்ண உச்ச சூட்டுல 4 நாள், இவ்வளவும் முடிஞ்சாலும் ஈரம் அளந்து பாக்காம மரத்தரை போட மாட்டேங்குறாங்க. அவசரப்பட்டா பூச்சு வெடிக்கும், மரம் உப்பும், நமக்கெதுக்கு வம்பு.

நடமாடுற இடத்துல தரை 29 டிகிரிய தாண்டக்கூடாது, பாத்ரூம்ல 33. அதனால 35 டிகிரி வாக்குல தண்ணி இருந்தாலே போதும், வெளியில இருக்குற சூட்டை இழுத்து தண்ணிய சுடவைக்கிற ஹீட் பம்ப்புக்கு ரொம்ப தோது. ஆனா போட்ட உடனே சூடாகாது, மணிக்கணக்கா ஆகும், ராத்திரி அணைச்சு காலைல போடுற பழக்கமெல்லாம் இங்க வேலைக்கே ஆகாது.