சூடு தாங்கிய பவளங்கள்: மன்னார் வளைகுடா நாட்குறிப்பு

16 ஏப்ரல் 2024

உலகம் முழுக்க நான்காவது பெரும் பவள வெளுப்பு நடக்கிறது என்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா நேற்று அறிவித்துவிட்டது. நம்ம மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 மூன்றிலும் அடி வாங்கிய இடம். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், பவளத்தின் சதைக்குள் இருந்துகொண்டு அதற்குச் சாப்பாடும் நிறமும் கொடுக்கும் நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். பயமாக இருக்கிறது.

11 மே

"தம்பி, கீழயும் வெந்நிதான் கெடக்கு" என்றார் படகோட்டும் அண்ணாச்சி. உண்மைதான். மான்கொம்புப் பவளங்கள் பாதிக்குமேல் வெள்ளை. வெளுத்ததெல்லாம் செத்துவிட்டதாகச் செய்தியில் எழுதுகிறார்கள், அப்படி இல்லை, அது உயிரோடு பட்டினி கிடக்கிறது, சீக்கிரம் தண்ணீர் ஆறினால் பிழைக்கும். அளவு நாடாவை விரித்து அதன் கீழே வருவதையெல்லாம் எழுதிக்கொண்டே போனபோது, வெளுத்த ஒன்றுக்குப் பக்கத்திலேயே அதே இனம் பழுப்பு நிறம் குறையாமல் நிற்பதைப் பார்த்தேன். இப்படி நின்றவற்றுக்கெல்லாம் அடையாள வில்லை கட்டியாயிற்று.

24 ஆகஸ்ட்

தண்ணீர் ஆறிவிட்டது. பல பவளங்களுக்கு நிறம் திரும்பியிருக்கிறது, சிலவற்றின் மேல் பச்சைப்பாசி மூடிவிட்டது, அவை இனி வராது. வில்லை கட்டியவை நன்றாக இருக்கின்றன. சூடு தாங்கும் நுண்பாசி வகை உள்ளே இருக்கலாம், பவளத்தின் மரபணுவே காரணமாகவும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் இப்படித் தாங்கியவற்றை இனச்சேர்க்கை செய்து குஞ்சுப் பவளம் வளர்த்துப் பார்க்கிறார்கள். நாம் உயிருள்ள பவளத்திலிருந்து துண்டு எடுத்து, பவளம் அழிந்த இடத்தில் நடுகிறோம், அப்படியானால் எதிலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் எல்லாமே.

2 பிப்ரவரி 2025

சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டி எடுத்துக் காலியான ஒரு திட்டில் இன்று நடவு. விரல் நீளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகையில் கட்டி, மணல் மூடாதபடி சட்டத்தின் மேல் வைக்கிறோம். தூத்துக்குடியில் 2002 முதலே ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையில் வளர்த்து வருகிறார்கள்.

மாலையில் கரையில் ஒரு வாக்குவாதம். சூட்டை மிக நன்றாகத் தாங்கிய ஒரே ஒரு தாய்ப் பவளத்திலிருந்து எல்லாத் துண்டையும் எடுத்துவிடலாமே என்றார் கூட வந்தவர். கூடாது என்றேன். ஒன்றிலிருந்து எடுத்தால் நட்டதெல்லாம் ஒரே மரபணுவின் நகல், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும், அதுவுமில்லாமல் தாய்ப் பவளமே மொட்டையாகிவிடும். தாங்கியவை பலவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் எத்தனை நட்டோம் என்று அறிக்கையில் போடுவதைவிட, இரண்டு கோடை தாண்டி எத்தனை நிற்கிறது என்பதைப் போடலாம். இதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொண்டார், தாய்ப் பவள விஷயத்தை நாளை மறுபடி பேச வேண்டும்.