நம்பர் நல்லாத்தான் இருக்கு, மூச்சுதான் முட்டுது

எக்கோ அறையில் வேலை செய்கிறேன். எல்வாட் எனும் இதய பம்ப் வைத்தவர்கள் செக்கப்புக்கு வந்தால் முதலில் பார்ப்பது, இடது கீழறைக்கும் பெருந்தமனிக்கும் நடுவில் இருக்கும் அயோர்டிக் வால்வு திறக்கிறதா இல்லையா என்பதைத்தான். இடது கீழறையின் நுனியிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி பம்ப் நேராகப் பெருந்தமனியில் விட்டுவிடுவதால் அந்த வால்வுக்கு வேலையே இல்லாமல் போகிறது. மூடியே கிடக்கும், மேலிருந்து அழுத்தமோ ஓயாது. நாளாக ஆக இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நடுவில் கசிய ஆரம்பிக்கும். பம்ப் வைத்த அன்று துளிகூடக் கசியாத வால்வுக்கும் இது நடக்கும்.

அப்புறம்தான் கூத்து. பம்ப் அனுப்பிய ரத்தமே வால்வு வழியாகக் கீழறைக்குத் திரும்பி மறுபடி பம்புக்குள் போகும், மானிட்டர் அதையும் சேர்த்துக் கணக்குக் காட்டும்.

"நம்பர் எல்லாம் நல்லாத்தான் தம்பி இருக்கு, படுத்தாத்தான் மூச்சு முட்டுது" என்றார் ஒரு பெரியவர். மானிட்டர் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் காட்டியது. ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டதும் பல வண்ணத் தாரை ஒன்று கீழறைக்குள் பீறிட்டது; மற்றவர்களுக்கு இதயம் விரியும்போது மட்டும் தெரிவது, இவருக்குச் சுருங்கும்போதும் நிற்கவில்லை. வழக்கமான அளவுகோலை மட்டும் நம்பி 'லேசான கசிவு' என்று ரிப்போர்ட் எழுதினால் ஏமாந்துதான் போவோம்.

கசிவு வராமல் பார்க்க, ஹார்ட்மேட் 3 என்ற வகை பம்ப் என்றால் அதன் வேகத்தை நூறு நூறு சுற்றாகக் குறைத்து, அவ்வப்போதாவது வால்வு திறக்கிறதா என்று எம்-மோடில், அதாவது வால்வின் அசைவை நேரத்தோடு கோடாக வரைந்து காட்டும் எக்கோ முறையில், பார்ப்போம். திறந்தால் ஒற்றைக் கோடு சின்னப் பெட்டியாக விரியும். ஆனால் கசிவு முற்றி நுரையீரலில் நீர் தேங்கியவருக்குச் சில சமயம் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும், இதில் டாக்டர்களுக்குள்ளேயே இழுபறி நடக்கும். என்னைக் கேட்டால், எல்லோரும் வேகத்தையே பேசுகிறார்கள், பிபியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சராசரி அழுத்தம் 90-ஐத் தாண்டினால் வால்வு மேல் சுமை ஏறும். இவர்களில் பலருக்கு நாடி கைக்கே தட்டுப்படாது, வீட்டு பிபி மெஷின் எரர் காட்டும். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் டாப்ளர் பென்சிலை வைத்து, காற்றை இறக்கும்போது 'உஸ்' என்ற சத்தம் திரும்பும் இடத்தைக் குறிக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஓரளவுக்கு மேல் கசிவு முன்பே இருந்தால் பம்ப் வைக்கும்போதே இதழ்களை நடுவில் தைப்பார்கள், அல்லது திசு வால்வு வைப்பார்கள். பிற்பாடு என்றால் டாவி, அதாவது நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைப்பது. ஆனால் பழைய வால்வில் சுண்ணாம்பு (கால்சியம்) படியாத இடத்தில் புது வால்வுக்குப் பிடிமானம் கிடைக்காது, நழுவிக் கீழறைக்குள் இறங்கிவிடும் அபாயம் உண்டு.

பெரியவருக்கு நீர் மாத்திரையையும் பிபி மாத்திரையையும் ஏற்றி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். இப்போது படுக்க முடிகிறது. கசிவு அப்படியேதான் இருக்கிறது, டாவிக்கு சிடி எடுத்து அளவு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.