சாரம் பிரித்த பிறகு

2014 ஜூன் 28 அன்று, மழை பெய்த மாலையில், சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டிய நிறுவனத்தார் கைதானார்கள், ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைந்தது, பக்கத்தில் நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆனால் கட்டட வேலையில் சாவு பெரும்பாலும் ஒவ்வொருவராகத்தான் கொண்டுபோகிறது: சாரத்திலிருந்து விழும் கொத்தனார், லிஃப்டுக்காக விட்ட குழியில் விழும் சித்தாள். அவர்களுக்கு ஆணையம் இல்லை. காவல் நிலையத்தில் ஒரு கோப்பு உண்டு.

வழக்கு தாமதமானாலும், தொழிற்சாலையில் விபத்துக்குக் காரணமான இயந்திரம் பல ஆண்டுகள் கழித்தும் அங்கேயே இருக்கக்கூடும். கட்டடத்திலோ, வேலை நடக்க நடக்க, குற்றம் நிகழ்ந்த இடமே மறைந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வழக்கில், நேரில் பார்த்த சாட்சிக்கு அனுப்பிய சம்மன் திரும்பி வந்தது. ஆவணத்தில் அவருடைய முகவரியாக எழுதப்பட்டிருந்தது பணியிடத்துத் தகரக் கொட்டகை. சம்மன் போன நாளில் அங்கே குடியிருப்போரின் கார்கள் நின்றன. சென்ட்ரிங் பிரித்ததும் மேஸ்திரியோடு வேறு ஊருக்குப் போய்விட்ட ஒடிசாக்காரரைத் தேடிப் பிடிக்க எந்தக் காவலருக்கு நேரம் இருக்கிறது?

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வரும்வரை இருந்த 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், பாதுகாப்பு விதிகளை மீறியவருக்கு அதிகபட்சம் மூன்று மாதச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்றது. அந்தத் தொகை இன்று ஏறக்குறைய இரண்டு கொத்தனார்களின் ஒருநாள் கூலி. அதற்கும்கூட, மீறல் அதிகாரிக்குத் தெரியவந்த மூன்று மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டியிருந்தது. தவறினால் அந்தச் சட்டத்தின்படி வழக்கே இல்லாமல் போனது. தாமதம் இங்கே குற்றவாளிக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரம் என்றே நான் கருதுகிறேன்.

மிஞ்சுவது கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம். அதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இரண்டாண்டாக இருந்த உச்சத் தண்டனை, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு. அதற்கு முன் நடந்த சாவுகளுக்குப் பழைய அளவுகோலே பொருந்தும். ஒப்பந்ததாரர், உள்ஒப்பந்ததாரர், பொறியாளர் என நீளும் வரிசையில் யார் பொறுப்பு என்று முடிவுசெய்வதற்குள் காலம் கழிகிறது. கடைசியில் சிக்குபவர் பல நேரங்களில் மேஸ்திரிதான்.

புதிய தொகுப்பின்படி, விதிமீறலால் மரணம் நேர்ந்தால் இரண்டாண்டுவரை சிறை அல்லது குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை வாரிசுகளுக்குத் தருமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்தப் பாதியும் தீர்ப்பு வந்த பிறகுதான்.