படகு ஓட்டிவிடலாம், ட்ரஸ்ட் ஓட்டுவதுதான் பாடு

எங்கள் ட்ரஸ்டுக்கு 12ஏபி (ட்ரஸ்ட் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) இரண்டுக்கும் ஆர்டர் ஒருவழியாக வந்துவிட்டது. ஃபார்ம் 10ஏடி என்று பெயர். பிரிண்ட் எடுத்த கையோடு லேமினேட்டும் செய்துவிட்டேன். ஏன் லேமினேட் என்பது படித்துக்கொண்டே வந்தால் புரியும். "நானும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்க்கா" என்று செய்லிங் வட்டாரத்தில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் புலம்ப முடியாததால் மொத்தமாக இங்கே.

நான் ஓட்டுவது இல்கா 6 என்ற ஒற்றை ஆள் பாய்மரப் படகு. பழைய ஆட்களிடம் லேசர் ரேடியல் என்றால்தான் தலையாட்டுவார்கள். ரேங்கிங்குக்காகச் சென்னை, மும்பை, ஹைதராபாத் உசேன் சாகர் என்று அலைவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வீராம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் நீச்சல், அப்புறம் பாய்மரப் படகு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளி லீவும் அதற்குள்ளேயே வந்துவிடுவதால் கேம்ப் எப்போதும் அந்தச் சமயத்தில்தான். மீனவப் பிள்ளைக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டுமா என்று சிரிப்பவர்கள் ஒருநாள் வந்து பார்க்கட்டும். கடலோரத்தில் பிறந்த எல்லாருக்கும், அதுவும் பெண்பிள்ளைகளுக்கு, நீச்சல் தெரியும் என்பது ஊருக்குள் இருப்பவர்களின் கற்பனை.

கைக்காசு போட்டு நடத்தியவரை தொல்லையே இல்லை. "லைஃப் ஜாக்கெட்டுக்குப் பணம் தர்றேன், ரசீது கொடும்மா" என்று நாலு பேர் கேட்டார்கள். அங்கே ஆரம்பித்தது.

2021-ல் டீட், அதாவது ட்ரஸ்ட் பத்திரம், எழுதினோம். ட்ரஸ்டிகளில் ஒருவர் கடலூர் தேவனாம்பட்டினத்து அக்கா. அவருக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் மஞ்சக்குப்பத்தில் இருந்தார். குறைந்த செலவில் நன்றாக எழுதியும் கொடுத்தார். ஸ்டாம்ப் பேப்பரையும் அவரே வாங்கிவிட்டார். புதுச்சேரி சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டு, சாட்சிகள் இருவரையும் லீவு போட வைத்து உட்கார்ந்திருந்தோம். அலுவலக எழுத்தர் முதல் பக்கத்தைப் பார்த்த வேகத்திலேயே திருப்பித் தள்ளினார்.

"இது தமிழ்நாட்டு பேப்பர்மா. இங்க செல்லாது."

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் 20 கிலோமீட்டர் சொச்சம். முள்ளோடையைத் தாண்டினால் சாராய விலைதான் மாறும் என்று நினைத்திருந்தோம், முத்திரைத்தாளும் மாறும். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். பத்திரம் எந்த மாநிலத்தில் கையெழுத்தாகிறதோ அந்த மாநிலத்து முத்திரைத்தீர்வைதான். எனக்கு எரிச்சல் அதில் இல்லை. "எப்போ மறுபடி வரலாம் சார்" என்றதற்கு, தலையைத் தூக்காமலே "போர்டுல போட்டிருக்கு" என்றார். போர்டில் இருந்தது விடுமுறைப் பட்டியல். அடுத்த வாரம் எனக்கு மும்பையில் ரேஸ். சாட்சிகளில் ஒருவருக்கு மறுபடி லீவு கிடைக்காமல் வேறு ஆளைப் பிடித்தோம். அவர் ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். அந்தக் கதையைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மும்பையிலிருந்து திரும்பியதும் புதுச்சேரி முத்திரைத்தாளோடு போனோம். இந்த முறை என் கை மக்கர் செய்தது. மெயின்ஷீட் என்கிற பாய்க்கயிறைப் பல மணி நேரம் இழுத்து, உப்புத்தண்ணீரில் ஊறி, விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகியிருந்தது. கட்டைவிரலை மெஷினில் வைக்கிறேன், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைக்கிறேன், சிவப்பு. அடுத்த விரல், அதுவும் சிவப்பு.

"ரேகையே இல்லையேம்மா. என்ன வேலை பாக்குற?"

"படகு ஓட்டுறேன் சார்."

பின்னால் வரிசையில் மீன்கூடைக்காரம்மா ஒருவர், பேத்தி பேரில் ஏதோ எழுதிவைக்க வந்திருந்தவர், "எனக்கும் ரேசன் கடையில இதே கததான் பாப்பா. சுடுதண்ணியில கைய வச்சிட்டு வா" என்றார். எதிர் டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி விரலை வைத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இடது கை மோதிர விரல் பச்சை காட்டியது. அந்தம்மாவுக்கு அன்றைக்கு நான் டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும், கூட்டத்தில் காணவில்லை. செய்லிங் ஆட்கள் கவனிக்க: பயோமெட்ரிக் வேலை எதுவானாலும் ரேஸுக்கு முன்னால் முடியுங்கள். பின்னால் என்றால் தோல் மறுபடி வளர அவகாசம் விடுங்கள்.

பான், பேங்க் கணக்கு, தர்பண் என்ற அரசின் தொண்டு நிறுவனப் பதிவு, தற்காலிக வரிப்பதிவுக்கான ஃபார்ம் 10ஏ எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. 10ஏ போட்டதும் தற்காலிகப் பதிவு மூன்று வருடத்துக்குத் தானாகவே வந்துவிட்டது, யாரும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்தது செக். இது புதுச்சேரிக்காரர்களுக்கென்றே உள்ள பொறி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா ஒருவர். பிறந்தது இங்கே, பேசுவது நம் தமிழ், பாஸ்போர்ட் மட்டும் பிரான்ஸ். பிள்ளைகள் கடலில் இறங்குவதைத் தினமும் பார்ப்பவர். லைஃப் ஜாக்கெட் வாங்க ஒரு நல்ல தொகைக்குச் செக் கொடுத்தார். உள்ளூர் பேங்க், இந்திய ரூபாய். பேங்கில் போடும் முன் ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "போட்டுடாதீங்க!"

எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன் தருவது வெளிநாட்டு நன்கொடை. அவர் எங்கே குடியிருக்கிறார், எந்தக் கரன்சியில் தருகிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது. இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரர்களுக்குத் தரும் ஓசிஐ கார்டு வைத்திருந்தாலும் அதேதான். துபாயில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன், இந்தியப் பாஸ்போர்ட்டோடு, தன் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பக்கத்து வீட்டுத் தாத்தா தந்தால் ஆகும். எஃப்சிஆர்ஏ பதிவு வாங்கலாம் என்றால் குறைந்தது மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும். எங்கள் கணக்கில் 15 லட்சமா!

செக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தாத்தா வாங்கவில்லை. "என் காச வேணாங்கறியா? நான் இந்த மண்ணுல பொறந்தவன்டி" என்று கதவைச் சாத்திக்கொண்டார். சட்டத்தை எப்படி விளக்குவது? பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றுவரை என்னிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிரான்ஸில் ஒரு கிளப் பழைய படகுப் பாய்களைத் தருகிறேன் என்றதையும் இதனால்தான் மறுத்தேன். பொருளும் நன்கொடைக் கணக்கில்தான் வரும். சென்னையில் ரேஸ் ஓட்டுபவர்கள் கழித்துவிடும் பாய்களைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். ரேஸுக்கு ஆகாத பாய் பிள்ளைகளுக்கு இன்னும் ரெண்டு மூணு சீசன் தாங்கும்.

இப்போது பெரிய தலைவலி. தற்காலிகப் பதிவு மூன்று வருடம் என்றதும் எல்லாரும் மூன்று வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போதைய விதிப்படி, முறையான பதிவுக்கான 10ஏபி படிவத்தை, தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, அல்லது வேலையைத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், இதில் எது முந்தியோ அதற்குள் போட வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்பிருந்த கன்சல்டன்ட் இதில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு ஃபீஸ் வாங்கிக்கொண்டு போனார். கெடு எப்போதோ முடிந்துபோயிருந்தது. எங்களைப் போல நாடு முழுக்க ஏகப்பட்ட பேர் இருந்திருப்பார்கள் போல. 2024 ஏப்ரல் 25-ம் தேதி நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை 7/2024 போட்டு, ஜூன் 30 வரை அவகாசம் நீட்டியது. கேம்ப் ஓடிக்கொண்டிருந்த நேரம். பகலில் பிள்ளைகள், ராத்திரியில் பில் அடுக்குவது. ஜூனில் போட்டுவிட்டோம்.

ரேஸில் ஸ்டார்ட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பு ஹாரன் அடித்துக் கொடி ஏற்றுவார்கள், நாலு நிமிடம் இருக்கும்போது இன்னொரு கொடி, ஒரு நிமிடம் இருக்கும்போது ஹாரனோடு அதை இறக்குவார்கள். வருமான வரி போர்ட்டலில் ஹாரனும் கிடையாது, கொடியும் கிடையாது. நவம்பரில் வந்த நோட்டீஸ் மெயில் ஸ்பாமில் கிடந்தது. ஆடிட்டர் போர்ட்டலைத் திறந்து பார்த்ததால் பிழைத்தோம். பதில் தர டிசம்பர் முதல் வாரம் வரை நேரம்.

நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கமே கரை கடந்தது. அன்று கொட்டிய மழையை ஊரே மறக்காது. படகுகளை முந்தின நாளே மேட்டுக்கு ஏற்றிக் கட்டிவிட்டோம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ரெயின்போ நகரில் ஆடிட்டர் ஆபீஸ் தரைத்தளம். டீட், பில் புத்தகம், கேம்ப் வருகைப்பதிவு எல்லாம் இடுப்பளவு தண்ணீரில். டீட் காகிதம் பிழைத்தது, கையெழுத்து மசி பரவிவிட்டது. (லேமினேட் ரகசியம் இதுதான்.) எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் எடுத்து வைத்திருந்ததால் கரன்ட் இல்லாத வீட்டில், பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுக்கொண்டு பதில் எழுதினோம்.

நோட்டீஸில் இரண்டு கேள்விகள் குத்தின. ஒன்று, பாய்மரப் படகுப் போட்டி பணக்காரர் பொழுதுபோக்காயிற்றே, இதில் தர்மம் எங்கே என்பதுபோல. இதற்கு ஆடிட்டர் ஒரு பொக்கிஷம் எடுத்தார். விளையாட்டை வளர்ப்பதும் அறநோக்கமே என்று 1984 செப்டம்பர் 24-ம் தேதியிட்ட வாரியச் சுற்றறிக்கை எண் 395. விளையாட்டு ட்ரஸ்ட் வைப்பவர்கள் இந்த எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, டூரிஸ்ட்டுகளுக்குப் படகு ஓட்டிக் காசு பார்க்கிறீர்களா என்றும் கேட்டிருந்தார்கள். இல்லை என்று சொல்ல முடிந்தது. அப்படி வருமானம் இருந்தால் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இன்னொரு கேள்விதான் என்னை உலுக்கியது. கேம்ப் படத்தில் ரெண்டு சிறுமிகள் ஓட்டும் படகின் பாயில் ஒரு எண். நாங்களே இணைத்திருந்த பத்திரிகைச் செய்தியில் நான் ரேஸ் ஓட்டும் படத்திலும் அதே எண். ட்ரஸ்ட் சொத்தை ட்ரஸ்டி சொந்தப் போட்டிக்குப் பயன்படுத்துகிறாரா? வருமான வரிச் சட்டம் பிரிவு 13-ல் மாட்டினால் அந்த அளவுக்கு வரிவிலக்கு போய்விடும். யாரோ ஒரு அதிகாரி படத்தைப் பெரிதாக்கி எண்ணைப் பார்த்திருக்கிறார், அந்தக் கண்ணுக்கு ஒரு சபாஷ். உண்மை தலைகீழ். அது என் படகு, நான்தான் பிள்ளைகளுக்கு இரவல் கொடுத்திருந்தேன். ட்ரஸ்ட் பிறக்கும் முன்பே என் பெயரில் போட்ட பில், படகின் எண், வாடகை வாங்கவில்லை என்று ஒரு கடிதம், எல்லாம் போனது. துறை ஆர்டர் போட வேண்டிய ஆறு மாதக் கெடு முடியும் முன்பே ஆர்டர் வந்தது.

அதிலிருந்து இரவல் கொடுக்கும் ஒரு கயிறுக்குக்கூட சீட்டு எழுதுகிறோம். சென்னைக்கு ஒரே ட்ரெய்லரில் என் படகும் பிள்ளைகள் படகும் போனால் டீசலைப் பங்கு பிரித்து என் பங்கை நான் கட்டுகிறேன். ஓடிபி என் போனுக்கு வருவதையும் மாற்றியாகிவிட்டது. போன் தண்ணீர் புகாத டிரைபேக்கில், நான் தண்ணீரில், ஆடிட்டர் கரையில் ஓடிபிக்காகத் தவம் என்ற நிலைமை போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது மேனேஜிங் ட்ரஸ்டி கடலூர் அக்காதான். டீட் எழுதும்போதே மேனேஜிங் ட்ரஸ்டியை மாற்றிக்கொள்ள வழி வையுங்கள். ட்ரஸ்ட் கலைந்தால் சொத்து இதேபோன்ற இன்னொரு ட்ரஸ்டுக்குப் போகும் என்ற வரியும் கட்டாயம் இருக்கட்டும், அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

80ஜி வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலை, எங்கள் சமயத்தில் 10பிடி என்ற படிவமாக, மே 31-க்குள் போர்ட்டலில் ஏற்ற வேண்டியிருந்தது. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு விலக்கு கிடையாது, அதை முன்பே சொல்லிவிடுங்கள். கேம்ப் மும்முரத்தில் மே மாதம் எதுவும் நடக்காது, அதனால் மார்ச்சிலேயே எல்லாரிடமும் பான் நம்பர் கேட்டுவிடுகிறேன். "பாத்து அனுப்புறேன்மா" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்கு வெறும் ரசீதுதான், வரிச்சலுகைக்குத் தேவையான 10பிஇ சான்றிதழ் இல்லை. அப்படி விட்ட ஒருவர் ஜூலையில் ரிட்டர்ன் போடும் நேரத்தில் கூப்பிட்டுச் சண்டை பிடித்தார். நான் உசேன் சாகர் கரையில் பாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆடிட்டர் நம்பரைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.