வயதான கைகளுக்கு மெனிக்யூர்: எதைச் செய்யாமல் விடுவது

அழகுக்கலை வகுப்பில் சொல்லித்தரும் மெனிக்யூர் 25 வயதுக் கைக்கானது. வெந்நீரில் ஊறவைத்து, ஸ்க்ரப் போட்டுத் தேய்த்து, க்யூட்டிகலை (நகம் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்) தள்ளி வெட்டி, பஃபரால் பளபளப்பாக்கி முடிப்போம். இதே வரிசையை 75 வயது அம்மாவின் கையில் அப்படியே செய்தால் நகம் பிளக்கலாம், தோல் கிழியலாம், சில நாளிலேயே நகச்சுத்து வந்து விரல் வீங்கலாம். இந்த வேலையில் பாதித் திறமை, எந்தப் படியை விடுவது என்று தெரிவதில்தான் இருக்கிறது.

நம் தோலின் மேலடுக்கும் கீழடுக்கும் அலை அலையாக ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் பிடித்திருக்கின்றன. வயது ஏற ஏற அந்த அலை தட்டையாகி, பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. அதனால் வயதானவர்களின் தோல் நேராக அழுத்தினால் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் மேலடுக்கு மட்டும் நழுவிக் கிழிந்துவிடும். துண்டால் துடைப்பது, வளையலைத் தள்ளுவது, மசாஜ், பிளாஸ்டர் பிரிப்பது என்று எல்லாமே இழுக்கிற வேலைதான். கையைத் துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

நகமும் அப்படித்தான். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும், வயதானால் அதைவிடக் குறைவு. இன்று நாம் கெடுத்த நகம் முழுசாகப் புதிதாக வர 6 மாதமோ அதற்கு மேலோ ஆகும்.

கையைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியது சில உண்டு. "அம்மா, சுகர் இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறீங்களா? மார்புல ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா?" எக்கோஸ்பிரின், குளோபிடோக்ரல், அசிட்ரோம் போன்றவை சாப்பிடுபவர்களுக்குச் சின்னக் கீறலே நீண்ட நேரம் கசியும், லேசாகப் பிடித்த இடத்தில்கூட ஊதா நிறத்தில் கன்றிப்போகும். நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் தோல் இன்னும் மெல்லியது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கையில் சூடும் வேண்டாம், அழுத்தி மசாஜும் வேண்டாம், சதையில் கீறல் படவே கூடாது. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) வைத்த கையில் நகம் மட்டும் பார்த்துவிட்டு, மணிக்கட்டுக்கு மேலே போகாதீர்கள்.

அடுத்து நல்ல வெளிச்சத்தில் பத்து விரலையும் பாருங்கள். நீளவாக்கில் மெல்லிய வரிகள் இருந்தால் அது வயது, நோயில்லை. நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு இருப்பதும் சகஜம். ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்த கரும்கோடு, அகலமாகிக்கொண்டே போகும் கோடு, அடிச்சதையை விட்டு எழும்பிய நகம், பச்சை நிறம், தடித்து மஞ்சளாகப் பொடியும் நகம், இவற்றில் எதைப் பார்த்தாலும் பாலிஷ் போட்டு மறைக்காமல் தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் அரைத்த கறையும் மருதாணிக் கறையும் வேறு. அதைப் போக்க எலுமிச்சை தேய்க்க வேண்டாம், நகம் இன்னும் வறண்டு போகும். வளர வளரத் தானே போய்விடும்.

இறுகிய மோதிரத்தைக் கழற்ற முயல வேண்டாம், முட்டி வீங்கிய விரலில் அது ஏறாது. கண்ணாடி வளையல்களுக்குக் கீழே மெல்லிய கைக்குட்டையைச் சுற்றிவிட்டால் மணிக்கட்டில் உரசாது.

ஊறவைப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்கித்தான் நுனி ஏடு ஏடாகப் பிரிகிறது. ஈர நகத்தை ஃபைல் செய்தால் நார் நாராகக் கிழியும். ஈரத் துணியால் துடைத்து, சோப்பு தொட்ட மிருதுவான பிரஷால் நக அடியை மேலாகத் தேய்த்தால் போதும். ஊசிமுனைக் கருவியை அடியில் விட்டு அழுக்கு தோண்டினால், நகத்தையும் சதையையும் சேர்த்து மூடியிருக்கும் ஓரம் விட்டுப்போகும். அந்த இடைவெளியில் ஈரமும் கிருமியும் தங்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கை வைக்க அவர்களுக்கே ஆசையென்றால் 37 டிகிரி, 2 நிமிடம். சூட்டை நீங்கள் பாருங்கள். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவர்கள் "சூடு சரியா இருக்கு" என்று சொல்வதை நம்பக் கூடாது.

வெட்டும்போது நெயில் கட்டரால் ஒரே கடியில் வெட்டாதீர்கள். வயதானவர்களின் நகம் பெரும்பாலும் வளைந்திருக்கும். கட்டரின் நேரான வாய் அந்த வளைவை அமுக்கித் தட்டையாக்கும்போது நடுவில் விரிசல் விழுந்து, சதை வரைக்கும் ஓடும். ஓரத்தில் ஆரம்பித்து மூன்று நான்கு சின்னக் கடியாக வெட்டுங்கள். சதைக்கு மேல் 1 மி.மீ. விட்டுவிடுங்கள். ஒட்ட வெட்டினால் வலிக்கும், நீளமாக விட்டால் புடவையில் மாட்டி உரியும்.

ஃபைலுக்கு 240 கிரிட் (சொரசொரப்பின் அளவு; எண் கூடக் கூட மிருது) அல்லது கண்ணாடி ஃபைல். ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒரே திசையில். ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் நுனி அடுக்குகள் பிரியும். நுனி நேராக, மூலைகள் மட்டும் மழுங்கலாக இருக்கட்டும். கூர் மூலைதான் இரவில் சொறியும்போது அவர்கள் தோலையே கீறும். வரிகளைச் சமமாக்கப் பஃபரை எடுக்கவே எடுக்காதீர்கள். ஏற்கெனவே மெலிந்த நகத்தை மேலும் தேய்ப்பதுதான் அது.

கை நடுங்குபவர்களின் கையை இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடும். சுருட்டிய துண்டின் மேல் மணிக்கட்டை வைத்து, வேலை செய்யும் விரலின் இரண்டு பக்கத்தையும் உங்கள் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தாங்குங்கள். உங்கள் சுண்டுவிரலை அதே துண்டில் ஊன்றினால் இரண்டு கையும் சேர்ந்து அசையும், கட்டர் வழுக்காது. பார்கின்சன் உள்ளவர்களுக்கு, மாத்திரை வேலை செய்யும் நேரத்தைக் கேட்டு அப்போது போவது நல்லது.

க்யூட்டிகலை வெட்டக் கூடாது. நகத்துக்கும் தோலுக்கும் இடையில் தண்ணீரும் கிருமியும் போகாமல் அடைத்திருப்பது அதுதான்; அது திறந்தால் நகச்சுத்து. சுகர் உள்ளவர்களுக்கு அது ஆற நாளாகும். கடையில் விற்கும் க்யூட்டிகல் ரிமூவர்களில் பெரும்பாலும் காரப்பொருள் (அல்கலி) இருக்கும், மெல்லிய தோலை அரித்துவிடும். பதிலாக ஒவ்வொரு நகமும் தொடங்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து 5 நிமிடம் விடுங்கள். பிறகு ஆரஞ்சு குச்சியின் (மெனிக்யூருக்கான மெல்லிய மரக்குச்சி) முனையில் பஞ்சு சுற்றி, நகத்தின் மேல் ஒட்டிக்கிடக்கும் செத்த தோலை மட்டும் சின்னச் சின்ன வட்டமாக நகர்த்துங்கள். நகர மறுத்தால் அது உயிருள்ள தோல், விட்டுவிடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் தோல்முள்ளை அடியோடு கத்தரியுங்கள், பிடுங்க வேண்டாம்.

மசாஜுக்கு எண்ணெயோ கிரீமோ தாராளமாக எடுங்கள். கை வழுக்க வேண்டும், தோல் இழுபடக் கூடாது. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு நோக்கி உள்ளங்கையால் நீவுங்கள், கைக்கு 3 நிமிடம். விரலைச் சொடுக்கு எடுப்பது, முட்டியைத் திருகுவது கூடவே கூடாது. ஸ்க்ரப் வேண்டாம்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் புறங்கையில் தோல் கிழியலாம். பதறாமல் சுத்தமான துணியால் 5 முதல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுருண்ட தோலை ஈரப் பஞ்சால் மெல்லத் தள்ளி அதன் பழைய இடத்திலேயே படுக்க வையுங்கள். அதைக் கத்தரித்து எறியாதீர்கள், காயத்துக்கு அதைவிட நல்ல மூடி கிடையாது. மேலே காயத்தில் ஒட்டாத பாராஃபின் காஸ் (மெழுகு தடவிய வலைத்துணி), அதன்மேல் ரோல் பேண்டேஜ். சாதாரண பிளாஸ்டர் ஒட்டினால் பிரிக்கும்போது கூடுதலாகக் கிழியும். பேண்டேஜின் மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போடுங்கள், எந்தத் திசையில் பிரித்தால் தோல் எழும்பாதோ அந்தத் திசையில். பிறகு டாக்டரிடம் அனுப்புங்கள்.

கருவிகளை டெட்டால் தண்ணீரில் முக்கி எடுப்பது போதாது. சோப்பும் பிரஷும் போட்டுக் கழுவி, உலர்த்தி, உலோகக் கருவிகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 15 நிமிடம் வைக்க வேண்டும். ஆரஞ்சு குச்சி ஒருவருக்கு ஒருமுறைதான். வீடு தேடிப் போய்ச் செய்பவர்கள், ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு கட்டரும் ஃபைலும் வாங்கி அவர்கள் வீட்டிலேயே ஒரு டப்பாவில் வைத்துவிடலாம்.

பாலிஷ் அவர்கள் ஆசைப்பட்டால் போடுங்கள், 80 வயதிலும் சிவப்பு அழகுதான். பாலிஷுக்கு அடியில் பூசும் நிறமற்ற பேஸ் கோட் அவசியம், இல்லாவிட்டால் நகம் மஞ்சளாகும். ஜெல் பாலிஷ் வேண்டாம். அதை எடுக்க அசிட்டோனில் 10, 15 நிமிடம் ஊறவைத்துச் சுரண்ட வேண்டியிருக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு போன்ற மாத்திரைகள் தோலைப் புற ஊதா ஒளிக்குக் கூச வைப்பதால், ஜெல்லை இறுக வைக்கும் புற ஊதா விளக்கும் சேராது. சாதாரண பாலிஷை அசிட்டோன் இல்லாத ரிமூவரில் நனைத்த பஞ்சை 15 நொடி வைத்து, ஒரே இழுப்பில் எடுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் விரல் நகத்தின் வழியாகத்தான் ஒளியை அனுப்பி அளக்கிறது, கருநீலமும் கறுப்பும் அந்த அளவைக் குழப்பும். அதனால் ஒரு கையின் ஆள்காட்டி விரலையாவது பாலிஷ் போடாமல் விட்டு, எந்த விரல் என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் பத்து விரலும் வெறுமனே இருக்கட்டும்.