கண்ணாடி உரசுற தூரம்

இன்னைக்கு காலைல அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிச்சேன், மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, மூணாவது தாண்டி மூச்சு வாங்கிட்டு போறப்ப ஒரு வெள்ளை கார் ஹாரன் கூட அடிக்காம ஒரு சாண் இடைவெளில போச்சு பாருங்க, சைடு மிரர் முழங்கைய தொடாத குறைதான். அடுத்த வளைவுல ஓரங்கட்டி செல்ஃபி எடுத்துட்டு நிக்கிறாரு அதே ஆள். "ஏங்ண்ணா இப்படி ஒட்டி வந்தீங்க"ன்னு கேட்டா "நான்தான் இடிக்கலையே தம்பி"ங்கிறாரு!!

இடிக்காம போனா போதுமா? ஏத்தத்துல மெதுவா மிதிக்கிறப்ப சைக்கிள் நேர்கோட்டுல போகாதுங்க, ஹேண்டில்பார் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், ஒரு குழி, கொஞ்சம் ஜல்லி கெடந்தாலும் ஒரு அடி விலகித்தான் ஆகணும், இதுல பஸ் ஒட்டிப்போனா அந்த காத்தே ஆளை தடுமாற வச்சிரும். பிரான்ஸ்ல சைக்கிள தாண்டணும்னா ஊருக்குள்ள 1 மீட்டர், வெளிய 1.5 மீட்டர் விடணும்னு சட்டம். ஜெர்மனில 2020ல இருந்து 1.5, ஊருக்கு வெளிய 2 மீட்டர். நம்ம மலை ரோட்டுல அவ்வளவு விட்டா கார் எதிர்பக்கம்தான் போகணும், தெரியும். அப்ப வளைவு முடியுற வரை பின்னாடியே வாங்களேன், அரை நிமிஷம். குரங்கு குறுக்க வந்தா மட்டும் நிறுத்தி பிஸ்கட் போடுறீங்கல்ல (அதுவும் போடக்கூடாது).