படுவான்கரை மாடுகள்

2007 மார்ச் 10, சனி. ஆரையம்பதி, மட்டக்களப்பு

யுத்தத்தில் பீரங்கிச் செல்லடிக்குத் தப்பி, விடிய முன்னமே வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனம் வரத் தொடங்கிவிட்டது. மண்முனைத் துறையில் தோணிக்கு இடிபாடு. சட்டி, பாய், பிள்ளைகள் எல்லாம் ஏறின, மாடு ஏறவில்லை. சிலர் தோணிக்குப் பின்னால் கயிறு கட்டி வாவியில் நீந்தவிட்டுக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் கயிற்றை அறுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதுதான் சரி. கட்டையில் நின்றால், செல் விழாவிட்டாலும் தண்ணீர் இல்லாமல் செத்துவிடும்.

மார்ச் 13, செவ்வாய்

அப்படி வந்து நம் வளவில் ஒதுங்கிய, யாருடையது என்று தெரியாத சிவலைப் பசுவின் பின்தொடையில் செல் பீஸ். மேலே சின்ன ஓட்டைதான், உள்ளே புழு நெளிகிறது. மிருக வைத்தியரைத் தேடிப் போன தம்பி சோதனைச்சாவடியில் திரும்பி வந்துவிட்டான். மாமா கொம்பைப் பிடித்தார். கற்பூரத்தைப் பொடித்து வேப்பெண்ணெயில் கரைத்து, துணியில் நனைத்துக் காயத்துக்குள் அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் புழுக்கள் மூச்சுமுட்டி வாய்ப்பக்கம் வந்தன. ஈர்க்கால் ஒவ்வொன்றாக எடுத்துத் தணலில் போட்டேன். பீஸ் ஆழத்தில் இருக்கிறது, அதைத் தொடவில்லை.

மார்ச் 15, வியாழன்

கூடவே ஒதுங்கிய வெள்ளைப் பசுவின் கன்று படுவான்கரையிலேயே தவறிவிட்டது. கறக்க ஆளில்லாமல் மடி கல்லுப்போல. சுடுதண்ணீர்த் துணி ஒற்றி ஒற்றிப் பீய்ச்சினால் திரிந்த பால்கட்டியும் இரத்தமும்தான். ஒரு காம்பு இனித் தேறாது. வைக்கோலையும் முகர்ந்து பார்க்கவில்லை. பெரும்போக வெட்டு முடிந்த நேரம், நல்ல வைக்கோல்!

"கொக்கட்டிச்சோலைக் கோயில்ல கல்லு நந்தியே புல்லுத் திண்டதாம், இவவுக்கு என்ன வந்தது?" என்று மாமி ஏசிக்கொண்டே தவிட்டுக் கஞ்சி கரைத்து வைத்தா. அதைக் குடித்தது.

மார்ச் 22, வியாழன்

மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்கள் 1,50,000-ஐத் தாண்டிவிட்டார்களாம். இவ்வளவு பேருக்குள் மாட்டுக்காரரை எங்கே தேடுவது? நல்லகாலம், நம் பக்கம் குறி சுடுகிற வழக்கம் உண்டு: குடிக்கொரு (தாய்வழிக் குலத்துக்கொரு) குறி, ஆளுக்கொரு எழுத்து. எல்லாவற்றையும் கொப்பியில் கீறிக்கொண்டு முகாம் முகாமாகப் போனேன். தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்த வயதான போடியார் (வயல், மாடு உள்ள பெரிய கமக்காரர்) ஒருவர் தாளை விரலால் தடவிப் பார்த்தார். "இது நம்மட குறிதான் மனே. காதுல வெட்டு இருக்கா?" இருக்கிறது.

அவரிடம் எனக்கு முன்னமே ஒரு வியாபாரி வந்து, நிற்கிறதா செத்ததா என்று தெரியாத பட்டிக்கு விலை பேசியிருக்கிறான். ஒரு நல்ல மாட்டின் விலைகூட வராது. அரிசி வாங்கக் காசில்லாத மனிதரிடம் இப்படி வருகிறவனைக் கள்ளன் என்றே சொல்வேன். கள்ளனாவது இரவில் வருவான்.

மே 16, புதன்

மீள்குடியேற்றம் தொடங்கிவிட்டது. பஸ்ஸில் ஆளுக்கு இடம், மாட்டுக்கு இல்லை. போடியார் வந்து சிவலையைச் சுற்றிப் பார்த்தார்; காயம் ஆறித் தோல் மூடிவிட்டது, நடையில் மட்டும் இழுப்பு. முதலில் போய் வேலி நிற்கிறதா, கிணறு பாவிக்கலாமா என்று பார்த்துவிட்டு வருகிறாராம். வெள்ளைப் பசுவை நீங்களே வைத்துக் கறவுங்கள் என்றார். மாமா மாட்டேன் என்கிறார், மாமி சரி என்கிறா. இன்னும் முடிவாகவில்லை.